அரிசி மாவில் ஒரு புதுநன்மை கேக்

மகள் தேவாலயத்தில் புதுநன்மை வாங்குவதற்கு முந்தின நாள் மதியம், எண்ணூரில் எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கேக்கின் மேல் வெள்ளை க்ரீம் தடவிக்கொண்டிருந்தேன். மே மாதம். ஜன்னலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து உட்காரும். திறக்காவிட்டால் வெண்ணெய் உருகும். தடவிய க்ரீம் பக்கவாட்டில் மெல்ல வழிய, நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடுவதும், பத்து நிமிடம் கழித்து வெளியே எடுப்பதுமாக இருந்தேன்.

கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் கடைக் கேக் எதையும் அவள் தின்னக்கூடாது. மூன்று வருடமாக அவள் எடை ஏறவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள். கடைசியில் போன வருடம் எழும்பூரில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். கோதுமை அவள் குடலை அரிக்கிறது. மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை, மைதா, ரவை எதுவும் வாயில் படக்கூடாது, ஒரு துணுக்குகூட.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சொந்தக்காரர்களிடம் "அவளுக்கு வயித்துக்கு ஒத்துக்காது" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். பெண் குழந்தை. ஆயுசுக்கும் தீராத நோய் என்று ஒரு வாய் சொன்னால் பத்து வாய் சொல்லும். நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது அதுவே முன்னால் வந்து நிற்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு வரன் பற்றி இப்போதே என்ன கவலை என்று கேட்கலாம். நான் அப்படித்தான் பயந்தேன்.

ஆனால் புதுநன்மை என்றால் பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குவது. அந்த அப்பம் கோதுமை. வேறு வழியின்றிப் பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன், அழுதுகொண்டே. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அரிசி அப்பம் செல்லாதும்மா, சபைச் சட்டம் அப்படி. ஆனா திராட்சை ரசம் மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான். குழந்தைக்குத் தனியா ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறேன். அதுல அப்பத்தோட துகள்கூட படாது."

அதன் பிறகு பயம் வீட்டு விருந்தின் பக்கம் திரும்பியது. எங்கள் ஆட்கள் கேக் வெட்டினால் சும்மா தின்றுவிட்டுப் போக மாட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக் குழந்தையின் வாயில் ஊட்டுவார்கள். எந்தக் கை எதைத் தொட்டுவிட்டு வரும் என்று யார் கண்டது? ஆகவே எல்லாருக்கும் அரிசி மாவில் நானே ஒரு பெரிய கேக் செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். மாவு மில்லில் கோதுமையும் அரைப்பார்கள் என்பதால், அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்தேன். முதல் இரண்டு தடவையும் கேக் புட்டு மாதிரி உதிர்ந்துவிட்டது. முட்டையும் தயிரும் கூட்டி, மாவை ஒரு மணி நேரம் ஊறவிட்டபின் மூன்றாவது தடவை நின்றது.

மேலே என்ன போடுவது என்று மகளைக் கேட்டேன்.

"கிண்ணம், திராட்சை, கோதுமைக் கதிர். எல்லார் புதுநன்மை கார்டுலயும் அதான் கீது."

"கோதுமைக் கதிரா?"

"வரைஞ்ச கோதுமை இன்னா பண்ணும்மா?"

மஞ்சள் க்ரீமில் கதிர் போட்டேன். வெக்கையில் அது தலை சாய்ந்தது. நெற்கதிர் என்று சொல்லிக்கொண்டேன். திராட்சைக் கொத்தில் இரண்டு பழங்கள் பெரிதாகிப்போயின.

மறுநாள் பூசையில் அவளை வரிசையில் கடைசியாக நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை கவுன், தலையில் பூமுடி. மற்றப் பிள்ளைகள் நாக்கை நீட்டி அப்பம் வாங்க, இவள் மட்டும் சின்னக் கிண்ணத்தைப் பிடித்துக் குடித்தாள். பின்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் வந்து என் பக்கத்தில் முழங்காலிட்டு, "கசக்குதும்மா" என்றாள், அவ்வளவுதான்.

வீட்டில் கேக் வெட்டி முதல் துண்டை நானே ஊட்டினேன். எல்லாம் நல்லபடியாகப் போனது. அப்போதுதான் நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்கா வந்தார். ராயபுரத்திலிருந்து வருகிறவர், டோல்கேட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டதாம். கையில் பேக்கரிப் பெட்டி. உள்ளே ரோஜாப் பூ வைத்த கேக். நான் அதை வாங்கி ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டுப் பிரியாணி பரிமாறப் போனேன்.

இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பிப் பார்க்கும்போது அண்ணி பெட்டியை இறக்கி, எங்கள் கேக்கை வெட்டிய கத்தியாலேயே அவர் கேக்கை வெட்டி, ஒரு துண்டை என் மகளின் வாயில் வைத்துவிட்டார்.

மகள் மெல்லவில்லை. விழுங்கவும் இல்லை. கன்னம் உப்ப என்னைப் பார்த்தாள். நான் ஓடிப்போய் உள்ளங்கையை நீட்டினேன். அத்தனை பேர் முன்னாலும் அதில் துப்பினாள்.

"இன்னாடி இது, வாயில வச்சத துப்புற?" என்றார் அண்ணி. பிறகு என்னிடம் திரும்பினார். "நான் இன்னா விஷமா குடுத்தேன்?"

"அவளுக்கு ஆகாது அண்ணி."

"உன் கேக்கு மட்டும் ஆகுதா?"

குழந்தையை இழுத்துப் போய் வாய் கொப்பளிக்க வைத்தேன், நாலு தடவை. திரும்பி வந்தபோது அண்ணி சாப்பிடாமல் கிளம்பியிருந்தார். மேஜையில் கத்தி கிடந்தது. அது எங்கள் கேக்கிலும் மறுபடி இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேக்கிலிருந்து அவளுக்கு நான் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. "பரவால்லம்மா, ஒண்ணு சாப்ட்டேன்ல" என்றாள்.

அன்றும் மறுநாளும் அவள் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கதவருகில் நின்றேன். "வலிக்குதா? வலிக்குதா?" என்று கேட்டுக் கேட்டு அவளே அலுத்துவிட்டாள். லேசாக வயிறு வலித்தது, சரியாகிவிட்டது.

கணவர் கோபப்படவில்லை. "அக்கா மேல தப்பு சொல்லாத. நீ யாருக்கும் சொல்லவே இல்லியே, அதுக்கு எப்டித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அது கோபத்தைவிட அதிகமாகத் தைத்தது.

நாலாம் நாள் அண்ணி தானாகவே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி ஏதோ சொன்னான், ஒண்ணும் புரியல. டாக்டர் இன்னா சொன்னாரு, மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். பூச்சி மருந்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சேமியா?" என்றார் கடைசியில்.

"கூடாது."

"பிஸ்கட்டு?"

"கூடாது."

"பெருங்காயத்துலயும் மைதா கீது அத்தே!" என்று உள்ளறையிலிருந்து மகள் கத்தினாள்.

"பெருங்காயத்துலயுமா?" அண்ணி நெஞ்சில் கை வைத்தார். "ஒரு வருசமா இத்த யாராண்டயும் சொல்லாம வச்சிகினு இருந்தியா?"

நான் வரன் பயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

"பயம் இருக்கும்தான். ஆனா விஷயம் தெரியாத கைதான் ஊட்டும். மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அன்று மாலையே போன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்தேன். முதல் ஆள் என் சின்ன மாமியார். "ஆமாம் அத்தே, கோதுமைதான்" என்று தொடங்கினேன்.