ஒழுங்கான நாலு துடிப்பு

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இதயத் துடிப்பைக் காகிதத்தில் பதிவெடுக்கும் ஈ.சி.ஜி. அறை அவருடைய ராஜ்யம். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு பழைய இயந்திரம். அது துடிப்புகளை விரல் அகல நாடாவாகக் கக்கிக்கொண்டே இருக்கும். கத்திரி அதை வெட்டி, ஒழுங்காக இருக்கிற நாலு நாலு துடிப்புகளைப் பொறுக்கி அட்டையில் ஒட்டி டாக்டருக்கு அனுப்புவார். கோணல்மாணலாக இருப்பவை குப்பைக்கூடைக்கு. நோயாளி கையை ஆட்டியிருப்பார், இருமியிருப்பார், யார் கண்டது? அவர் ஒட்டிய அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அந்தப் பெருமை மனுஷனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய தங்கை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். மூன்று வருடமாக அவளுக்கு ஒரு தொல்லை. தைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடவென்று ஓடும், கண் இருட்டும். கால் மணி நேரத்தில் சுவிட்சை அணைத்ததுபோல நின்றுவிடும். சூப்பர்வைசர் வந்து பார்க்கும்போது நின்றிருக்கும். டாக்டரிடம் போனாலும் நின்றிருக்கும்.

"வேலைன்னா மட்டும் கரெக்டா வந்துடுதே உன் நெஞ்சுவலி. நல்லா நடிக்கிறே" என்பான் அவள் கணவன்.

மூன்று முறை அண்ணனே பதிவெடுத்தார். மூன்று முறையும் அட்டை அம்சமாக வந்தது. டாக்டர் மனக்கவலைக்கு மாத்திரை எழுதினார். "உன் நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு. மனசப் போட்டுக் குழப்பிக்காதே" என்று அண்ணனும் சொல்லி அனுப்பினார். அதன் பிறகு வீட்டில் அவள் வாயைத் திறக்க முடியவில்லை. அண்ணனே சொல்லியாயிற்று, அதற்கு மேல் யாரிடம் போவது?

போன மாதம் ஒரு புதிய டாக்டரம்மா வந்தார். அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, "வெட்டாம முழுசாக் குடுங்க" என்றார். யாரோ ஒரு நோயாளியின் நாடாவைக் கட்டிலில் நீளமாக விரித்து, ஒரு துடிப்பின் அடியில் விரல் வைத்தார்.

"பாத்தீங்களா, ஆரம்பமே சாய்வா ஏறுது? இதயத்துல கரண்ட் போக ஒரே வழிதான் இருக்கணும். இவருக்குப் பிறவியிலேயே இன்னொரு குறுக்கு வழி இருக்கு. சில துடிப்புல மட்டும் தெரியும். நெஞ்சு திடீர்னு ஓடும், திடீர்னு நிக்கும். கவனிக்காம விட்டா சில பேருக்கு உயிரே போயிடும். கண்டுபிடிச்சா அந்த வழியச் சுட்டு அடைச்சிடலாம்."

கத்திரி குனிந்து பார்த்தார். அந்தச் சாய்வு அவருக்குத் தெரிந்த சாய்வு. தங்கையின் நாடாவில் நடுநடுவே இருந்தது. அவர்தான் மெனக்கெட்டுப் பொறுக்கி எறிந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைப் போனில் பிடித்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்."

"எதுக்குண்ணா? நீதான் ஒண்ணுமில்லேன்னு சொன்னியே."

"சும்மா... ஒரு சந்தேகம்."

"சந்தேகத்துக்கெல்லாம் லீவு தர மாட்டாங்க. இவரும் கத்துவாரு. அடுத்த வாரம் வரேன்."

'நான்தான் தப்பா வெட்டிட்டேன்' என்று சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பாள். அந்த ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. மானம் போய்விடுமாம். பெரிய மானம்!

நான்காம் நாள் காலையில் அவள் தையல் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். வழக்கமான நாடகம் என்று சூப்பர்வைசர் சற்று நேரம் விட்டுவிட்டார். தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, தங்கையின் கணவன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீங்க ஏன் மச்சான் இப்படி உடைஞ்சு போறீங்க? நீங்க பாக்காமலா விட்டீங்க? மூணு தடவை பாத்தீங்களே."

கத்திரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சாய்வு, குறுக்கு வழி, குப்பைக்கூடை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவ நடிக்கலையா மச்சான்?"

"இல்ல."

"சொன்னதெல்லாம் நிஜமா?"

"நிஜம்தான்."

"அன்னிக்குக் காலையிலயும் முடியலேன்னு படுத்துட்டா மச்சான்" என்றான். "நான்தான் கையப் பிடிச்சு இழுத்து எழுப்பி வேலைக்கு அனுப்பினேன்."