முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

தேனியில் நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த காலத்தில், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு பழைய கார் என்னிடம் வந்து சேர்ந்தது. இரண்டாயிரத்து ஆறு வாக்கில் இருக்கும். வருடத்தில் இரண்டு மூன்று ஞாயிறுகள் அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் இருந்த ரேஸ் டிராக்குக்குப் போவேன். போட்டி எதுவும் கிடையாது. பெயர் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஆசை தீர ஓட்டலாம். எனக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. என் மனைவி பெரியகுளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் கிறுக்குக்குக் குறுக்கே அவள் ஒருநாளும் நின்றதில்லை. "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டீகளா?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.

டிராக்கில் நாலாவது சுற்றிலேயே பிரேக் சூடேறிக் கருகல் வாடை அடிக்கும். பெடல் தளர்ந்து கீழே போகும். டிஸ்க்கைக் கவ்வி நிறுத்துகிற பிரேக் பேட்டில், அந்தச் சூட்டைத் தாங்குவதற்கென்றே ரேஸ் பேட் உண்டு. சென்னையில் ஒரு வியாபாரியிடம் போனில் கேட்டேன்.

"முன்சக்கரத்துக்கு இருக்கு சார். உங்க வண்டிக்குப் பின்னாடி போடுறது அதுல வரல" என்றார்.

நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தானே, போதும் என்று வரவழைத்தேன். முன்னால் ரேஸ் பேட், பின்னால் பழைய சாதா பேட். அந்த ஞாயிறு வண்டி சொன்ன இடத்தில் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். வழியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது முதல் பிரேக் கொஞ்சம் வழுக்கியது. கவனித்தேன். ஆனாலும் வீட்டுக்கு வந்து பேட்டை மாற்றவில்லை. அலுப்பு.

மறுநாள் காலை என் மனைவிக்கு பஸ் தவறிவிட்டது. கையில் பரீட்சைத் தாள் கட்டு வேறு. காரை எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள்.

"வண்டி சரியாத்தானே இருக்கு?"

"டிராக்குக்கே போயிட்டு வந்திருக்கு. அதுக்கு என்ன" என்று சாவியைக் கொடுத்தேன்.

அரை மணி நேரத்தில் கடைக்குப் போன் வந்தது. யாரோ ஒரு டிராக்டர்காரர். "டீச்சருக்கு ஒண்ணுமில்லண்ணே. வண்டிதான் ஒரு சுத்து சுத்தி நிக்குது. பெரியகுளத்துக்கு முன்னாடி, மாந்தோப்புகிட்ட. பதறாம வாங்க."

நான் பைக்கில் எப்படிப் போனேன் என்பது இன்றுவரை நினைவில் இல்லை.

கார் தேனியைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கம் முள்வேலியில் சாய்ந்து நின்றிருந்தது. அவள் ஒரு மரத்தடியில் கல்லில் உட்கார்ந்து தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "அவுக வந்துட்டாக" என்றார் டிராக்டர்காரர். அவள் பேனாவை மூடினாள்.

"இவரு தோப்புல இருந்து வெறகு ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு ஏறுனாரு. நான் தூரத்துலயே பாத்துட்டேன். நிதானமாத்தான் அமுக்குனேன். முன்னாடி பிடிக்கவே இல்ல. ஓங்கி அமுக்குனா பின்சக்கரம் மட்டும் சுத்தாம பூட்டிக்கிச்சு. ரோடு வேற ஈரம், அப்படியே திரும்பிருச்சு. அதுல என்ன மாட்டி வச்சிருக்கீக?"

சொன்னேன். ரேஸ் பேட் சூடேறினால்தான் கவ்வும். குளிர்ந்த காலையில் அது வெறும் பலகை மாதிரி. பின்னால் இருந்த சாதா பேட்டுக்குச் சூடு தேவையில்லை, முதல் அமுக்கிலேயே கவ்விவிடும். என் கடையில் யாராவது வந்து கேட்டிருந்தால் நானே இதை எடுத்துச் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்கிட்டச் சொல்லலையே."

தோப்பு வீட்டிலிருந்து ஒரு அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதை வாங்கி உதட்டுக்குக் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன், டம்ளர் அவள் பல்லில் டக் டக்கென்று இடித்தது. டீ சேலையில் சிந்தியது. அதுவரை அவள் பயப்படவில்லை என்றே நினைத்திருந்தேன். டம்ளருக்கு அடியில் என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன். அவள் மெதுவாக முழுவதையும் குடித்தாள்.

காரை விற்றுவிடப்போவதாக அன்று மாலையே சொன்னேன். இரண்டு நாள் கழித்து, துணி மடித்துக்கொண்டே, "விக்கிறது எதுக்கு? அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றாள்.

வந்தாள். இந்தத் தடவை சாதா பேட்டோடு ஓட்டிப்போய், டிராக்கிலேயே ஜாக்கி வைத்து முன்னால் ரேஸ் பேட்டை மாட்டினேன். டிராக்கில் இருந்ததிலேயே நெருக்கமான வளைவுக்கு வெளியே, கம்பி வேலியோரம் குடை பிடித்து நின்று நான் ஓட்டிய எட்டுச் சுற்றும் பார்த்தாள். நான் வந்து இறங்கியதும், "முன்சக்கரம் மட்டும் பூட்டிப் புகையுது. பின்னாடி சும்மா உருண்டு வருது. சூடான பிறகு முன்னாடி இருக்கிறது ரொம்பக் கவ்வுது. பின்னாடி இருக்கிறதால அதுக்கு ஈடு கொடுக்க முடியல. அன்னைக்கு எனக்கு நடந்ததுக்கு இது நேர் எதிர்" என்றாள். நான் நன்றாக பிரேக் பிடிக்கிறேன் என்று அத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு பின்பேட்டைத் தேடுவது இருவருக்கும் பொதுவான வேலையாகிவிட்டது. சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. "பின்னாடி ஒரு படி கம்மியாவே இருக்கட்டும். முந்திப் பூட்டிரக் கூடாது" என்பாள். பல மாதம் கழித்து அதே சென்னை வியாபாரி, முன்பேட்டைவிடக் கொஞ்சம் மென்மையான பின்பேட் ஒரு ஜோடி அனுப்பினார். அதை டிராக்கில் மாட்டி ஓட்டிய அன்று வண்டி நேர்கோட்டில், அலையாமல், நாலு காலிலும் சேர்ந்து நின்றது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, "நானும் ஓட்டிப் பாக்குறேன்" என்றாள்.

இந்தத் தடவை ஒன்றுவிடாமல் சொன்னேன். "நாலுலயும் ரேஸ் பேட்தான் இருக்கு. முதல் ரெண்டு சுத்து பிரேக்கை நம்பாத. லேசா லேசா அமுக்கிச் சூடு பண்ணு. ரெண்டு சுத்து போதும், அப்புறம் நல்லாப் பிடிக்கும்." குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

அவள் நின்ற அதே இடத்தில் போய் நான் நின்றேன். முதல் இரண்டு சுற்றும் கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்தாள். மூன்றாவதில் வேகம் கூடியது. நாலாவதில் வளைவுக்கு முன்னால் பின்விளக்கு சிவந்தது, மூக்கு லேசாகத் தணிந்தது, வண்டி அடங்கித் திரும்பிப் போனது. வேலிக் கம்பியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. விரல்களில் கோடு கோடாகப் பதிந்திருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். முன்முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. "நாலு சுத்துன்னு நெனச்சேன். ஆறு ஓட்டிட்டேன்" என்று சிரித்தாள்.

நாலு சக்கரத்துக்கும் சாதா பேட்டைத் திரும்ப மாட்டி, சும்மா நாலு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். வத்தலக்குண்டு தாண்டியதும் நான் தூங்கிப்போனேன். வேறு யார் ஓட்டினாலும் எனக்குத் தூக்கம் வந்ததில்லை. கண் விழித்தபோது வெயில் இன்னும் மிச்சம் இருந்தது. தேவதானப்பட்டியைத் தாண்டி ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, அவள் ஒரு கூடைக்காரியிடம் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பியிருக்கலாம்ல?"

"அசந்து தூங்குனீக" என்று ஒரு பழத்தை என்னிடம் நீட்டினாள்.