வள்ளித்தாயின் வாய்

“ஏலே பேதில போவான், சட்னிய மட்டும் நக்காத, இட்லியையும் சேத்துத் தின்னு” என்றபடி வள்ளித்தாய் மகன் தட்டில் இன்னொரு இட்லியைப் போட்டாள். அது வசவு அல்ல. மற்ற வீடுகளில் ராசா, கண்ணு என்பார்கள், அவளுக்கு இது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு ஓரம் அவள் இட்லிக் கடைக்குச் சாப்பிட வருகிற கண்டக்டர், கமிஷன் கடைக்காரர், கூரைமேல் காக்கா, எல்லோருக்கும் அந்த ஒரே பட்டம்தான். அவள் புருஷன் பெருமாள்சாமியைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று ஊரில் பேச்சு.

அந்தக் கோடையில் பேதி நிசமாகவே வந்தது. தேசம் தேசமாகச் சுற்றுகிற காலரா என்றது ரேடியோ. வாசுதேவநல்லூர்ப் பக்கம் என்றார்கள்; பிறகு அடுத்த தெரு என்றார்கள். காலையில் பம்பரம் விட்ட பொடியனைச் சாயங்காலம் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஜீப் திரும்பி வந்தது, அவன் வரவில்லை.

சிவகிரி பஸ் கண்டக்டர் சங்கரபாண்டி இலையை மடக்கிக்கொண்டே சொன்னான்: “யக்கா, இனும அந்தப் பேரு வேண்டாம். ஒனக்குக் கருநாக்கு. ஊர்ல ஒவ்வொருத்தனா நீ சொன்ன எடத்துக்குப் போயிட்டிருக்கான்.”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் மகன், ஆறு வயசுத் தங்கசாமி, சிரிக்கவில்லை.

மறுநாள் இட்லியைத் தொடாமல் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எம்மா, என்னய எத்தன மட்டம் சொல்லிருப்ப?”

“என்னதுலே?”

“அந்தப் பேரு.”

“அது சும்மா கொஞ்சுததுலே.”

“ஜீப்புல போனானே, அவன அவங்கம்மையும் கொஞ்சுனாளா?”

வள்ளித்தாய்க்குக் கரண்டி மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அன்றே கோமதியம்மன் சந்நிதிக்குப் போனாள். ஊரெல்லாம் புற்றுமண்ணைச் சொறி சிரங்குக்குப் பூசுவார்கள். அவள் நாக்கில் தடவிக்கொண்டாள். கடையில் “மகராசனா இருப்பான்” என்று சொல்லிப் பழகினாள். கமிஷன் கடைக்காரர் பயந்துபோய், “ஏன் தாயி, எம் மூஞ்சி சரியில்லையா?” என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சொல் பல் வரைக்கும் வந்து முட்டுவது அவளுக்குத்தான் தெரியும். மகன் ஒதுங்கப் போனால் பின்னாலேயே போனாள். அவன் எழுந்ததும் குனிந்து பார்த்தாள். அவனும் அவள் முகத்தைப் பார்த்தான்.

பஸ் ஸ்டாண்டில் காலரா ஊசி போட வந்தார்கள். நர்ஸ் ஞானபாக்கியம் ஊசியைத் தூக்கிப் பார்த்ததுதான் தாமதம், தங்கசாமி கையை உதறிக்கொண்டு ஓடினான். எதிரே ராஜபாளையம் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஏலே பே...”

மீதியை விழுங்கினாள். அவனைக் கூப்பிட அவளிடம் வேறு சொல் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு ஓடி, பஸ்ஸின் மூஞ்சிக்கு முன்னால் அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். டிரைவர் கண்டபடி ஏசினான். அவள் காதில் விழவில்லை. மகனைத் திரும்ப நர்ஸிடம் இழுத்து வந்தாள்.

“பையன இறுக்கிப் பிடிங்கம்மா” என்றாள் ஞானபாக்கியம்.

தங்கசாமி ஒரு கையை ஊசிக்கு நீட்டினான். மற்றக் கையால் அம்மாவின் வாயைப் பொத்திக்கொண்டான். ஊசி இறங்கியபோதும் அந்தக் கையை எடுக்கவில்லை. வள்ளித்தாய் மூக்கால் மூச்சுவிட்டபடி, அந்தக் கை நழுவாதபடிக்கு முகத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.