அப்பாவின் மேசையில் வாங்காத சிலிப்

படப்பையில் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் என் வீட்டு வாசலில் மட்டும் நிற்பதில்லை. கொடி வருகிறது, மேளம் வருகிறது, எதிர்வீட்டு அம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். நானும் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். முன்னால் வருகிறவர் பின்னால் வருகிறவரிடம், "இவுங்க வெளியூரு, ஓட்டு அவுங்க ஊர்லதான் கீது," என்கிறார். நோட்டீஸ் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. வாடகைக்கு இருந்தவரைக்கும் அது சரிதான். இந்த முறை வீடும் சொந்தம், ஓட்டும் இங்கேதான். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரகடத்துக் கம்பெனியில் இருபத்து மூன்று வருடம் ஷிப்ட் பார்த்த பிறகு எதையும் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றுவதில்லை.

சொந்த ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில் ஓட்டு ரகசியம் என்பது மிஷினுக்குள் மட்டும்தான். பள்ளிக்கூடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில், கட்சிக்கு ஒரு மேசை போட்டிருப்பார்கள். வாக்காளர் பட்டியலைப் பார்த்து நம் வரிசை எண்ணைச் சிலிப்பில் எழுதிக் கொடுப்பார்கள். எந்த மேசையில் சிலிப் வாங்குகிறோமோ அந்தக் கட்சி நாம் என்று ஊர் முடிவு செய்துவிடும். நாற்பது வருடமாக அதில் ஒரு மேசை என் அப்பா தங்கராஜுடையது. எதிர் மேசையில் அவருடைய சிநேகிதர் ஐசக் மாமா. தேர்தலன்று மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். டீ மட்டும் இரண்டு மேசைக்கும் ஒரே கடையிலிருந்து வரும்.

பதினெட்டு வயதில் முதல் ஓட்டுக்குப் போனபோது, அப்பா பார்க்கப் பார்க்க நான் ஐசக் மாமா மேசைக்குப் போனேன். காரணம் கேட்டிருந்தால் அன்றைக்கு நிறைய அடுக்கியிருப்பேன். உண்மையான காரணம் ஒன்றுதான், அது அப்பாவின் மேசை இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவர், "சிலிப்புல எழுத்து நல்லாத் தெரிஞ்சிச்சால?" என்று மட்டும் கேட்டார். முப்பது வயதில், கம்பெனியில் ஸ்டிரைக் என்று லைனை நிறுத்திவிட்டு நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மூன்றாவது ஒரு கட்சிக்காரர்கள். ஊரில் அவர்களுக்கு டெபாசிட் கிடைக்காது என்று தெரிந்தும், தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போய் அவர்களுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

நாற்பதைத் தாண்டியதும் என்ன ஆனதென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. யாரும் வந்து என் மனதை மாற்றவில்லை. ஒருநாள் என் மகன் ஜெபின் ஏதோ ஒரு புதுத் தலைவரின் கூட்டத்தைப் பற்றி ஆவலாகப் பேசிக்கொண்டிருந்தான். கூட்டத்தைப் பார்த்து மயங்காதே, கூட்டம் ஓட்டுப் போடாது என்றேன். அது அப்பா என்னிடம் சொன்னது, வார்த்தை மாறாமல். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொன்ன விதமும் அவருடையதுதான். அவரோ வயது ஏற ஏறத் தன் கட்சியை நாள் முழுக்கத் திட்டுகிறார். பூராவும் களவாணிப் பயலுவ, ஆனா நம்ம களவாணியல்லா என்பார். அது எனக்கு இப்போது புரிகிறது. புரிவதில் பெருமை ஒன்றுமில்லை. உடம்பில் சர்க்கரை வந்த மாதிரி அதுவும் வந்துவிட்டது.

இந்தத் தேர்தலுக்கு வந்து உங்கள் மேசையில் சிலிப் வாங்குகிறேன் என்று போனில் சொன்னேன். "ஐசக்கு பாக்கட்டும்," என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும், முதல் சிலிப் உனக்குத்தான் என்று சொல்ல ஆரம்பித்தார். அவருக்கு எழுபத்தைந்து வயது. அடுத்த தேர்தலில் மேசையில் உட்கார முடியுமோ என்னவோ.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறியதும், வரிசையாக வந்து கிடக்கிற மெசேஜை அரைத் தூக்கத்தில் தள்ளிக்கொண்டிருப்போம். அப்படி ஒருநாள் ஜெபின் கூப்பிட்டு, ஓட்டர் லிஸ்டில் பேர் சேர்க்கிறேன், ஓடிபி வந்திருக்கும், சொல்லுப்பா என்றான். சொன்னேன். அவன் தன் பேரைச் சேர்த்ததோடு நிற்காமல், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து என் பேரையும் ஊரிலிருந்து படப்பைக்கு மாற்ற எழுதிப் போட்டுவிட்டான். வீட்டுக்கு விசாரிக்க வந்த அதிகாரியிடம் என் மனைவியும் ஆமாம் என்றிருக்கிறாள். புது வாக்காளர் அட்டை வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவிடம் சொல்லத்தான் கூப்பிடுவேன். அவர் முதல் சிலிப்பைப் பற்றிப் பேசுவார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். தேர்தலுக்கு முந்தின நாள்கூட, பஸ் கிடைத்தால் காலையில் அங்கே இருப்பேன் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் படப்பைப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கால் தானாக அப்பா கட்சியின் மேசைக்குப் போனது. அங்கே இருந்தவர் பட்டியலில் விரலை ஓட்டி, செல்வின், அப்பா பேர் தங்கராஜ்தானே என்று கேட்டுச் சிலிப் எழுதினார். "இன்னா சார், ஊருக்குப் போவலியா?" என்றார். இனிமேல் இதுதான் ஊர் என்றேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஜெபின் எந்த மேசைக்கும் போகவில்லை. எல்லாம் அவன் போனிலேயே இருந்தது. யாருக்குப் போட்டாய் என்று கேட்டால், அதையெல்லாம் கேட்கக் கூடாது என்கிறான். அப்பாவுக்கு என்னிடம் அதைக் கேட்கவேண்டிய தேவையே வந்ததில்லை. நான் அவர் கட்சிக்குத்தான் போட்டேன். பீப் சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா கூப்பிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்டுல ஒம் பேரு இல்லல. உசுரோட இருக்கவன் பேர எவம்ல அடிச்சான்னு ஐசக்குட்ட சண்ட போட்டுட்டேன்."

ஐசக் மாமா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

"யாரும் அடிக்கலப்பா. நாந்தான் இங்க மாத்திட்டேன்," என்றேன். மகனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

வேப்பமரத்துக் காக்கைச் சத்தம் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. கையில் கிடக்கிற இந்தச் சிலிப்பை என்ன செய்ய என்று கேட்டார். பழைய பட்டியலைப் பார்த்து முந்தின நாளே எனக்கு எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் மெதுவாக, "அங்க நம்ம மேசயிலதான வாங்குன?" என்றார்.

"ஆமாப்பா."

"எம் பேர ஒழுங்கா எழுதியிருந்தானா?"

"ஒழுங்காத்தாம்ப்பா எழுதியிருந்தாரு."

சரி என்று வைத்துவிட்டார். ஐசக் மாமா வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லை என்று தங்கச்சி சொல்கிறாள்.

சட்டைப் பையிலிருந்து சிலிப்பை எடுத்துப் பார்த்தேன். செல்வின், த/பெ தங்கராஜ். ஊர்ப் பட்டியலில் இருபத்தேழு வருடமாக அவர் பேருக்குப் பக்கத்தில் இருந்த என் பேர் இப்போது அங்கே இல்லை. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று நடந்த ஜெபத்துக்குக்கூட வர முடியாமல்போன அவர் பேர், அவர் ஒருநாளும் நடக்காத இந்தத் தெருவின் பட்டியலில் என் பேரோடு இருக்கிறது. வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்த மனைவி, ஓட்டுதான் போட்டாச்சே, குப்பையில் போட்டுவிடவா என்று கேட்டாள். இருக்கட்டும் என்று திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.