மூணாவது தரம்

காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவருக்கு வெண்கலம் என்று பெயர். தொண்டையால் வந்த பெயர். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று அவர் முடித்துவிட்டால் அப்பீலே கிடையாது. அடியில் அழுகல் என்று யாராவது கூடையோடு திரும்பி வந்தால், "வித்த சரக்கைத் திருப்பி எடுக்கற வழக்கம் இங்க இல்ல" என்பார். கல்நெஞ்சுக்காரர் என்று மண்டியே சொன்னதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

மகள் பிறந்ததும் அந்தப் பெருமை சந்தி சிரித்தது. தாலாட்டுத் தெரியாத மனிதர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏலத்தையே மெல்லிய குரலில் கூறினார். அது தூங்கியது. ஆனால் "ரெண்டு தரம்" வரைதான் போவார். மூன்றாவதைச் சொன்னால் பிள்ளை கைமாறிவிடுமாம்.

"பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியுது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மறுபடி முதல் தரத்துக்குப் போவார்.

ஆறேழு மாதத்தில் பழக்கம் மண்டிக்கும் வந்து சேர்ந்தது. தக்காளிக்கூடை எதிரே நின்று ஒரு தரம், ரெண்டு தரம், திரும்பவும் ஒரு தரம். போதாக்குறைக்குக் கூடையைத் தட்டிக்கொடுக்க வேறு செய்தார். வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு சண்டைக்கு வந்தார்கள்.

"நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்யா" என்றார் முதலாளி.

"வெண்கலம் ஈயமாப் போச்சு" என்று வீட்டில் வந்து தன்னையே திட்டிக்கொண்டார். மனைவி குழந்தையை அவர் தோளில் சாத்திவிட்டு எதிரே நின்றாள்.

"கூறுங்க. நான் எடுத்துக்கறேன்."

"என்ன விலைக்கு?"

"என் தூக்கம் மொத்தமும். இதுக்கு மேல யாரு கேப்பா?"

ஏலக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மூணு தரமும் சொல்லி முடித்தார். அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வெறும் தோளோடு நிற்க அவருக்கு அழுகை வந்தது. அதற்குள் குழந்தை வீறிட்டு அவர் பக்கம் இரண்டு கையையும் நீட்டியது.

"வித்த சரக்கு திரும்பி வருது. என்ன செய்யப் போறீங்க?" என்றாள் மனைவி. அவர் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மூணாவது தரம் கூரை அதிர விழுந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். கொஞ்ச நேரத்தில் ஒரு வியாபாரி கூடையோடு தயங்கித் தயங்கி வந்தார்.

"அடியில அழுகல்ங்க. நீங்க எடுக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும்..."

முதலாளி தலையில் அடித்துக்கொள்ளும்படி வெண்கலம் இரண்டு கையையும் நீட்டினார்.

"கொண்டாங்க. நேத்துதான் ஒண்ணைத் திருப்பி எடுத்தேன்."