என் கை, மகளின் குரல்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், லோரியில் வந்து இறங்கும் குலைகளைக் கொக்கியால் இழுத்துத் தள்ளுகிறேன். முதுகு போய்விட்டது. ஆலைப் பட்டறையில் மோட்டார் பழுது பார்ப்பவருக்கு உதவியாள் தேவை என்று பேச்சு வந்தபோது எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஏதாச்சும் ஒரு சர்ட்டிபிகேட் கொண்டாங்க. ஆன்லைன்ல சும்மாவே குடுக்குறான் லா. அத வச்சு இஞ்சினியர்கிட்ட நான் பேசுறேன்."

மகள் கைப்பேசியில் மோட்டார் பழுது பார்க்கச் சொல்லித்தரும் ஓர் இலவச வகுப்பைத் தேடிக் கொடுத்தாள். பாடம் ஆங்கிலத்தில். கீழே தமிழ் எழுத்து ஓடும், பாதி தப்பும் தவறுமாக. ஆனாலும் படத்தைப் பார்த்தால் விளங்கியது. நான் படித்த பள்ளியில் இரண்டாம் முறை கேட்டால் பிரம்படி விழும். இந்தக் காணொளி வாத்தியாரை எத்தனை முறை நிறுத்தித் திரும்பச் சொல்ல வைத்தாலும் முகம் சுளிக்கவில்லை. அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது அதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

"எங்க வீட்டுக்காரரு யூனிவர்சிட்டி போறாரு, மெதுவா பேசுங்க," என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டி, செய்வதை விளக்கிக் காணொளி அனுப்பச் சொன்னார்கள். மதிப்பெண் போடுவது வாத்தியார் இல்லை. கூடப் படிக்கும், முகம் தெரியாத மூன்று பேர்.

கிளினிக்கோ வங்கியோ, எங்கள் ஊர்ப்பக்கம் படித்த பிள்ளைதான் பேசும். பெற்றவர்கள் பக்கத்தில் நிற்போம். அதனால் நான் மறு யோசனையே செய்யவில்லை. கை என்னுடையது. முன்கூட்டியே நான் சொல்லிக் கொடுத்ததை மகள் ஆங்கிலத்தில் பேசினாள்.

"செய்பவர் ஒருவர், பேசுபவர் வேறொருவர். இது ஏமாற்று" என்று எழுதி மூன்று பேரும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மகள் அதை எனக்குப் படித்துச் சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

"இன்னொரு சான்ஸ் இருக்குப்பா. நீங்களே பேசுங்க. தமிழ்லயே பேசுங்க."

நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்காதவன் நான். மகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன் மோட்டாரைக் கழற்றி மாட்டியபடி முதலிலிருந்து கடைசி வரை தமிழில் பேசி முடித்தேன்.

இந்த முறை வேறு மூன்று பேர். என்ன மொழியென்றே தெரியவில்லை, மதிப்பெண் போட இயலாது என்று எழுதியிருந்தார்கள். அதற்குமேல் வாய்ப்பு இல்லை. அதே வாரம் பட்டறைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

மண்டோர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "என்னண்ணே, ஒலகத்துக்கே சும்மா குடுக்குறான், அதக்கூட ஒங்களால வாங்க முடியலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். லோரி வந்து நின்றது. கொக்கியை எடுத்துக்கொண்டு போனேன்.