இரண்டாவது கேசட்டில் என் குரல்

அந்த சாக்ஸபோன் வாசிப்பு என்னுடையதல்ல. என்னுடையது என்று சொல்லிப் பல ஆண்டுகள் சோறு தின்றேன்.

வாசித்தவன் தேசிங்கு, பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற குப்பத்தில் வலை போடும் வீட்டுப் பிள்ளை. நான் பழவேற்காட்டு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் ஒரே பேண்டு செட்டில் இருவரும் சாக்ஸபோன் வாசித்தோம். எங்கள் மாஸ்டருக்கு பீபாப் என்னும் ஜாஸ் மீது பைத்தியம். தலைதெறிக்கும் வேகம், தாளில் எழுதாததை அந்த நொடியிலேயே பிறப்பிக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் பழவேற்காட்டுப் பள்ளி மைதானத்தில் ஒருமுறை வாசித்தோம். குவைத்திலிருந்து வந்திருந்த என் மச்சான் டேப் ரெக்கார்டரில் அதைப் பதிவு செய்தார். மைக் செட் முனுசாமியும் தனியே ஒரு கேசட்டில் பதிவு செய்தார்.

மச்சானின் கேசட்டில் இரண்டாம் பக்கம் ஒரு தனி வாசிப்பின் நடுவில் தொடங்கும். வாசிப்பது யாரென்று கேட்பவருக்குத் தெரியாது. ஓட்டல் இசைக்குழுவுக்கு ஆள் தேடிய மேனேஜரிடம் அதைப் போட்டுக் காட்டினேன்.

"நீங்கதான் வாசிச்சதா?"

தலையாட்டினேன்... அவ்வளவுதான். வேலை கிடைத்தது. பேண்டு கலைந்தபின் தேசிங்கு வாத்தியத்தை விற்றுவிட்டு ஏரிக்குத் திரும்பினான்.

சென்ற ஆண்டு முனுசாமி தம் கேசட்டைக் கொடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மச்சான் தம் கேசட்டை மறுபக்கம் மாற்றிப் போட்ட இடைவெளியில் நடந்தது இதில் இருந்தது. என் சாக்ஸபோன் தடுமாறி நிற்கிறது. பிறகு மைக்கில் என் குரல்: "தேசிங்கு, நீ எட்றா... என்னால முடியல." உடனே அவன் எடுக்கிறான்.

நான் மறந்திருந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. ஆனால் என் வாயே அதைச் சொல்வதைக் கேட்டபோது அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

தோணிரேவுக்குப் போய் இரண்டையும் போட்டுக் காட்டினேன். வலையைத் தைத்துக்கொண்டிருந்த தேசிங்கின் கை நின்றது.

"இத்த வெச்சிதான் வேலை வாங்குனியா?"

"ஆமாண்டா."

என் முகத்தை அவன் பார்க்கவில்லை. "திரும்ப போடு."

போட்டேன். முடிந்ததும், "இன்னாமா வாசிச்சிக்கிறான்..." என்றான், வேறு யாரையோ சொல்வதுபோல்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அத்த வுடு. உன் வாத்தியத்த எடுத்துனு வா. விரலு போவுதானு பாக்கணும்."

மறுநாளே கொடுத்துவிட்டேன். கயிறு இழுத்துத் தடித்த விரல்கள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இப்போது வேகம் திரும்புகிறது. போன வாரம் அவன் வாசித்ததை எந்தக் கேசட்டிலும் நான் கேட்டதில்லை.

ஓட்டலில் அதே மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். என் இடம் போயிற்று. தேசிங்கை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன் என்றார். அடுத்த மாதம் அவனை அழைத்துப் போகிறேன்.

அவனுக்கு வேலை கிடைக்கலாம். கிடைக்கும் என்றே நம்புகிறேன். போன ஆண்டுகள்...? அவற்றை யார் கொடுப்பது?

என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கரையில் அவன் வாசிக்கும்போது எதிரே உட்கார எனக்கு இன்னும் துணிவில்லை. படகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.